சாய்மனைக் கதிரையும் சுருட்டும்

புகைபிடித்தலைக் கண்டித்து எழுதுவோர் பெரும்பாலும் இளைஞரை நோக்கியே எழுதுகின்றனர். பாடசாலைச் சுவர்களில் ஒட்டப்படும் படங்களும், மாணவர் மன்றப் பேச்சுப் போட்டிகளும், மே மாதம் 31ஆம் திகதி புகையிலை எதிர்ப்புத் தினத்தன்று புறப்படும் ஊர்வலங்களும் பதினைந்து, இருபது பிராயத்தினருக்காகவே ஏற்பட்டவை. இது வேண்டாத முயற்சியன்று. வந்தபின் தீர்ப்பதினும் வருமுன் காப்பது எளிது. ஆயினும் அந்த ஊர்வலம் ஒழுங்கை வழியே செல்லும்போது, விறாந்தையில் சாய்மனைக் கதிரையிற் கிடந்தவாறே, வாயிற் சுருட்டோடு அதனை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும் முதியவரை எவரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. அவர் நமது அறிவுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டவர் என்று நாம் முடிவு செய்துவிட்டோம். அவரைப் பற்றியும், அவரினும் சற்று இளையவராய் நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடையில் நிற்பவர்களைப் பற்றியுமே இங்கு எழுத விரும்புகின்றேன்.

யாழ்ப்பாணத்துச் சமூகத்திலே புகைத்தலுக்கு எழுதாத சட்டமொன்று உண்டு. தந்தைக்கு முன்னால் மகன் புகைத்தல் ஆகாது. ஆசிரியரைக் கண்டால் பழைய மாணவன் சிகரெட்டைக் காலடியிற் போட்டு மிதித்துவிட வேண்டும். மாமனார் படலையைத் திறக்கும் ஓசை கேட்டதும் மருமகனின் சுருட்டு முதுகுக்குப் பின்னால் மறைய வேண்டும். நாலு பிள்ளைகளுக்குத் தந்தையாகிவிட்ட ஒருவர், எதிரே தமையனார் வரக் கண்டு, எரிகின்ற சுருட்டை உள்ளங்கையில் மூடிக்கொண்டு நின்று கதைத்ததை நான் கண்டிருக்கிறேன். கை சுட்டது, மரியாதை கெடவில்லை.

இச்சட்டத்தின் விளைவாகப் புகைத்தலுக்கும் வயதுக்கும் ஓர் உறவு ஏற்பட்டுவிட்டது. இளைஞனுடைய புகைத்தல் களவாக நடப்பது, வேலி மறைவையும் நண்பர் கூட்டத்தையும் எதிர்பார்த்திருப்பது, ஆதலால் ஒழுங்கற்றது. நடுவயதினருடையதோ கடிகாரம் போன்றது. காலைத் தேநீருக்குப் பின் ஒன்று, கந்தோரில் வேலை இடைவேளைக்கு ஒன்று, சாப்பாட்டின் பின் ஒன்று எனக் கணக்குத் தவறாமல் நடைபெறுவது. முதுமையிலே அந்தக் கணக்கும் கரைந்து விடுகிறது. காலைக்கடன் கழிவதற்கே சுருட்டு வேண்டும். பின்னர் அணைத்த குறைச்சுருட்டு காதிடுக்கில் ஏறும். நினைத்தபோது மறுபடியும் நெருப்புக் காணும். எவருக்கும் மறைக்க வேண்டியதில்லை. மறைப்பதற்குரிய மூத்தோர் அனைவரும் போய்விட்டனர். ஓய்வூதியம் மாத்திரமே வருவாயாகிய பின்பு சிகரெட்டைக் கைவிட்டுப் பீடிக்கும் சுருட்டுக்கும் இறங்கியவர்களையும் நான் அறிவேன். அவர்கள் அதனைச் சிக்கனம் என்பார்களேயன்றி இறக்கம் என்று கருதுவதில்லை.

இவ்வாறு நோக்குமிடத்து, முதியவர் கையிலுள்ள சுருட்டு ஒருவகையிற் பதவிச் சின்னமாகவும் ஆகிவிடுகிறது. அதனை விடுமாறு சொல்லக்கூடியவர் யாராயினும் அவரினும் இளையவராகவே இருப்பர். இளையவர் மூத்தவருக்குப் புத்தி சொல்வதோ அதே எழுதாச் சட்டத்தினால் விலக்கப்பட்டது. இந்த முடிச்சே நமது விடயத்தின் மையம்.

புகையிலை நமக்குப் புராதனமான பொருளன்று. சங்கச் சான்றோர் கள்ளைப் பாடினர், புகையிலையைப் பாடவில்லை, பாடுவதற்கு அஃது அன்று இங்கு இல்லை. அமெரிக்கக் கண்டத்துச் செடியாகிய அதனைக் கொலம்பசின் 1492ஆம் ஆண்டுப் பயணத்தின் பின்னரே ஐரோப்பியர் அறிந்தனர். போர்த்துக்கேயர் வாயிலாக அது கீழைநாடுகளுக்கு வந்தது. வந்தபின் நம்மவர் அதனைத் தம்முடையதாக்கிக்கொண்ட விரைவு வியக்கத்தக்கது. அன்னத்தையும் மேகத்தையும் தமிழையும் தூதுவிட்ட மரபிலே, சீனிச்சர்க்கரைப் புலவர் பழனி முருகனிடம் புகையிலையைத் தூதுவிட்டுப் ‘புகையிலை விடு தூது’ பாடினார். உ. வே. சாமிநாதையர் அந்நூலைப் பதிப்பித்து நமக்கு அளித்தார். யாழ்ப்பாணத்திலோ ஒல்லாந்தர் காலத்திலேயே புகையிலை பெரும் ஏற்றுமதிப் பொருளாகித் திருவிதாங்கூருக்குக் கப்பலேறியது. அவ்வாணிகம் 20ஆம் நூற்றாண்டிலே தளர்ந்தபோது சுருட்டு கைகொடுத்தது. தென்னிலங்கைப் பட்டினங்களிலே யாழ்ப்பாணத்தவரின், சிறப்பாகத் தீவுப்பகுதியாரின், சுருட்டுக்கடைகள் இருந்தன என்பதைப் பழையவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

சுருட்டுக் கொட்டிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் அப்பாற் செல்ல மனம் வரவில்லை. வரிசையாகச் சம்மணமிட்டிருந்து தொழிலாளர் சுருட்டுச் சுற்றுவர். கோடாவின் இனிப்பும் காரமும் கலந்த நெடி காற்றில் நிற்கும். அவர்களுள் வாசிக்கத் தெரிந்த ஒருவர் அன்றைய பத்திரிகையை உரத்து வாசிப்பார். தலையங்கம் முதல் தொடர்கதை வரை அனைத்தும் அங்கு அரங்கேறும். கைகள் இலையைச் சுற்றச் செவிகள் உலகைச் சுற்றும். பள்ளிக்கூடத்தை எட்டிப் பாராத ஒருவர் சூயெஸ் கால்வாய்ப் பிரச்சினையைப் பற்றித் திருத்தமாக வாதாடியது அந்தக் கொட்டில்களிலேதான். இன்னுமொன்று. இப்பத்திரிகையை வாசிக்கும் ஆசிரியர்களுள் எத்தனை பேருடைய கல்லூரிக் கட்டணம் ஒரு தகப்பனின் புகையிலைத் தோட்டத்திலிருந்து வந்தது என்பதை அவரவரே அறிவர். ஆதலால் இதனை யாரோ அந்நியன் புகுத்திய தீமை என்று வைதுவிட்டு ஒதுங்க நம்மால் இயலாது. நன்றி பாராட்டவேண்டிய ஒன்று நம்மைக் கொல்லவும் செய்கிறது.

அறுபதைக் கடந்த ஒருவரிடம் இதைப் பற்றி வாய் திறந்தால் இரண்டு விடைகள் வரும். “எங்கடை அப்பு தொண்ணூறு வயதுமட்டும் சுருட்டுப் பத்தினவர், ஆஸ்பத்திரி வாசல் மிதிக்கேல்லை” என்பது முதலாவது. “இனி விட்டென்ன, விடாட்டியென்ன?” என்பது மற்றது.

முதலாவது விடையிலே ஒரு மயக்கம் உண்டு. அந்த அப்பு உண்மையாகவே தொண்ணூறு வயதுவரை இருந்திருக்கலாம். அவரோடு ஒரே கடையிற் சுருட்டு வாங்கிய அவருடைய தோழர்கள் எங்கே? ஐம்பத்திரண்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தோட்டத்திலே சரிந்தவரும், அறுபதில் தொண்டை அடைத்துக் கஞ்சியும் இறங்காமல் மாண்டவரும் விறாந்தையில் வந்திருந்து சாட்சி சொல்லப் போவதில்லை. பிழைத்தவர் மாத்திரமே சாட்சிக் கூண்டில் ஏறும் வழக்கில் தீர்ப்பு வேறெவ்வாறு அமையும்? பல நாடுகளிலே முதியவர்களிடையே புகைப்போர் தொகை நடுவயதினரிடையே இருப்பதிலும் குறைவாகக் காணப்படுகிறது. பலர் விட்டுவிட்டனர் என்பது அதற்கொரு காரணம். விடாதவர் பலர் அந்த வயதுக்கு வந்து சேரவில்லை என்பது மற்றொரு காரணம்.

இரண்டாவது விடைக்கு மறுமொழி இங்கிலாந்திலிருந்து வந்தது. றிச்சர்ட் டோல், பிராட்போர்ட் ஹில் என்னும் இருவர் 1950இல் லண்டன் ஆஸ்பத்திரி நோயாளரை ஆராய்ந்து, சுவாசப்பைப் புற்றுநோய்க்கும் சிகரெட்டுக்கும் உள்ள தொடர்பை வெளியிட்டனர். தாமும் புகைத்தவராயிருந்த டோல், அந்த ஆராய்ச்சியின் போக்குப் புலப்பட்டதும் புகைத்தலை விட்டார். நோய் வந்தபின் பழக்கத்தை விசாரிப்பது போதாது, பழக்கத்தை முதலில் எழுதி வைத்துக்கொண்டு பின்னர் என்ன நேர்கிறதென்று பார்க்கவேண்டும் எனக் கருதிய அவர்கள், 1951இல் பிரித்தானிய வைத்தியர்களுக்கே கடிதம் அனுப்பினர். 34,000க்கு மேற்பட்ட ஆண் வைத்தியர்களின் புகைக்கும் வழக்கம் பதிவாயிற்று. அவர்களுள் யார் எப்போது எதனால் இறந்தார் என்பது அரை நூற்றாண்டு காலம் கணக்கெடுக்கப்பட்டது. ஐம்பதாண்டு முடிவுகள் 2004இல் வெளிவந்தபோது அதனை எழுதியோருள் டோலும் ஒருவர். அப்போது அவருக்கு வயது 91.

அதன் சாரம் இது. வாழ்நாள் முழுவதும் சிகரெட்டுப் புகைத்தவர், புகையாதவரினும் சராசரியாக ஏறத்தாழ 10 ஆண்டு முன்னதாக இறந்தனர். விடாது புகைத்தோரிற் பாதிப்பேரை அப்பழக்கமே கொன்றது. முப்பது வயதில் விட்டவர் அந்தப் பத்து ஆண்டுகளையும் ஏறக்குறைய முழுமையாக மீட்டனர். நாற்பதில் விட்டவர் மீட்டவை சுமார் 9. ஐம்பதில் விட்டவர் 6. அறுபதில் விட்டவர் 3.

அறுபதுக்கு எதிரேயுள்ள அந்த மூன்றை வாசகர்கள் சற்று நின்று நோக்கவேண்டும். நாற்பது ஆண்டு புகைத்துவிட்டு, ஓய்வூதியம் எடுக்கும் வயதிலே விட்ட ஒருவருக்குச் சராசரியாக மூன்று ஆண்டுகள். பேரப்பிள்ளை பல்கலைக்கழகம் புகுவதைப் பார்ப்பதற்கும் பாராமற் போவதற்கும் இடையிலுள்ள தூரம் அது. அன்றியும், ஆயுள் மாத்திரமே கணக்கன்று. புகைத்தலால் இழந்த சுவாச வலு மீண்டு வருவதில்லை. ஆனால் நிறுத்திய நாளிலிருந்து அது குறைந்து செல்லும் வேகம் புகையாதவருடையதை ஒத்ததாகிறது. எழுபதில் கிணற்றடிக்குத் தாமே நடந்து செல்வதும், கட்டிலிலிருந்து கதிரைக்கு வருவதற்கே மூச்சு வாங்குவதும் அந்த வேகத்தைப் பொறுத்தவை. இருதயமோ இன்னும் தாராள குணமுடையது. விட்ட ஓராண்டுக்குள் மாரடைப்பு அபாயத்தின் மிகுதி ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

“அது சிகரெட்டின் கதை; சுருட்டுப் புகையை நாங்கள் உள்ளுக்கு இழுப்பதில்லையே” என்பர் சிலர். இழுப்பதில்லை என்பது ஓரளவுக்கு உண்மை. சுருட்டுப் புகை காரத்தன்மை உடையது; ஆதலால் அதிலுள்ள நிக்கொற்றின் வாயின் உட்தோலினூடாகவே இரத்தத்திற் சேர்ந்துவிடுகிறது. உள்ளிழுக்காமலே ஆசை தீருவது இதனாலேயே. வாயும் நாக்கும் தொண்டையும் உணவுக்குழாயும் அதற்கு விலை கொடுக்கின்றன. வெற்றிலையோடு புகையிலையும் சேர்த்துச் சப்புபவருக்கு அந்த விலை மேலும் ஏறும். நம் முதியவர்களுள் இரண்டையும் செய்வோர் சிலரல்லர்.

இனி, என் பெரியையாவைப் பற்றிச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். ஓய்வுபெற்ற தபாலதிபர், நாளொன்றுக்கு ஏழு சுருட்டு, பிள்ளைகளோ மருமக்களோ அவருக்கு முன் நின்று அதைப் பற்றிப் பேசியதில்லை. குடும்ப வைத்தியர் ஒருமுறை சொன்னார். “அவன் சின்னப்பெடியன்” என்று பெரியையா தள்ளிவிட்டார். வைத்தியருக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. பெரியையாவின் அறுபத்து நாலாவது வயதில், அவரோடு அரிவரி வகுப்பில் ஒரே வாங்கில் இருந்து படித்த நண்பருக்கு, நெடுநாள் நீரிழிவோடு சுருட்டும் சேர்ந்து இரத்தக் குழாய்களை அடைத்துவிட, இடதுகால் விரல்கள் கறுத்து, முழங்காலுக்குக் கீழே வெட்ட வேண்டியதாயிற்று. பார்க்கச் சென்ற பெரியையாவோடு நானும் போயிருந்தேன். நண்பர் அழவில்லை. போர்வையை விலக்கிக் காட்டிவிட்டுச் சொன்னார்: “டேய், உனக்கும் எனக்கும் ஒரே வயசு. நீ இன்னும் நடந்து திரியிறாய். நடக்க விருப்பமெண்டால் உதை விடு.”

‘டேய்’ என்று பெரியையாவை அழைக்கக்கூடியவர் உலகத்தில் அவர் ஒருவரே எஞ்சியிருந்தார்.

வீட்டுக்கு வந்த பெரியையா சுருட்டுக் கட்டை எறியவில்லை. அலுமாரியின் மேல் வைத்தார். அடுத்த மூன்று கிழமை வீடு பட்டபாட்டைப் பெரியம்மா இன்றிருந்தால் என்னிலும் நன்றாகச் சொல்வார். சோற்றில் உப்பில்லை என்பார். பேப்பர் பிந்தி வந்தது என்பார். நித்திரை வரவில்லை என்று நடுச்சாமத்தில் முற்றத்தில் உலாவுவார். காலைக்கடன் பெரும் பிரச்சினையாகிச் சுடுநீரும் வாழைப்பழமும் விடியற்கால நடையுமாகச் சரிவந்தது. “சுருட்டோடை இருந்த மனிசன் இதிலும் நல்லம்” என்று பெரியம்மா ஒருநாள் அடுப்படியில் நின்று முணுமுணுத்ததை நான் கேட்டேன். நாலாம் கிழமை மனிதர் தணிந்தார். அதன்பின் பதினொரு ஆண்டு இருந்தார். சுருட்டை விட்டதனாலேயே அத்தனை ஆண்டு இருந்தார் என்று நான் வாதிடப் போவதில்லை. ஒரு மனிதரை வைத்துக் கணக்குப் பார்ப்பது அந்தத் தொண்ணூறு வயது அப்புவைக் காட்டுவதற்கு ஒப்பாகும். திருவிழாக் காலத்தில் கோயில் வீதியை மும்முறை சுற்றி வந்து, மூச்சு வாங்காமல் நின்று கதைத்தார் என்பது மாத்திரம் நான் கண்ணாற் கண்டது.

எல்லா முதியவருக்கும் அத்தகைய நண்பர் வாய்ப்பதில்லை. சுருட்டு அவர்களுக்கு என்ன கொடுக்கிறது என்பதையும் நாம் நேர்மையாகச் சிந்திக்க வேண்டும். 1995 ஒக்ரோபரில் வலிகாமம் முழுவதும் இரவோடிரவாகக் கிழக்கே பெயர்ந்தபோதும், 2009 வரை வன்னியில் மக்கள் இடம்விட்டு இடம் ஓடியபோதும், முதியவர்கள் இழந்தவை கணக்கிலடங்கா. மகன் ரொறன்ரோவில், மகள் பாரிசில், மனைவி காலமாகிவிட்டாள், ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி ஒலிக்கும். ஏனைய ஆறு நாளும் பொழுதைத் துண்டு துண்டாக வெட்டித் தருவது சுருட்டு. பற்றவைக்க ஒரு வேலை, அணையாமற் பார்க்க ஒரு வேலை, நெருப்புக் கேட்டு வரும் அயலவரோடு இரண்டு வார்த்தை. அதைப் பறித்துவிட்டு அந்த இடத்தை வெறுமையாக விடுபவர் நல்லது செய்தவராகார். தொலைபேசியில் “அப்பா, உதை விடுங்கோ” என்று கடல் கடந்து சொல்லும் மகன், அதே மூச்சில் “பின்னேரத்தில் வாசிகசாலைக்குப் போய்வாருங்கோ” என்றும் சொன்னால் ஒருவேளை பயனுண்டு. நாளுக்கு ஏழென்பதை நாலாக்குவோம் என்னும் சமாதானமும் நெடுங்காலம் நிலைப்பதில்லை. துக்கமோ விசேடமோ வந்தால் நாலு மறுபடியும் ஏழாகும். நாள் குறித்து முற்றாக நிறுத்துவோரே பெரும்பாலும் கரையேறுகின்றனர். முதற்கிழமைதான் மிகக் கொடியது. மூன்று நாலு கிழமையில் உடலின் அரிப்பு அடங்கிவிடுகிறது என்பதை அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்தல் வேண்டும். சொல்லாவிட்டால், “வயதுபோனதால் என் உடம்பு தாங்காது” என்று ஐந்தாம் நாளே திரும்பிவிடுவர்.

சொல்வதற்குரியவர் யார்? வாசிகசாலைத் தலைவர் சொல்லலாம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் சொல்லலாம். தாமே விட்டுவிட்ட முதியவர் ஒருவர் சொன்னால் அதனினும் நன்று. வயதொத்தவரின் வாயிலிருந்து வருவது அறிவுரையாகத் தோன்றுவதில்லை, செய்தியாகத் தோன்றுகிறது. இருபது வயதுப் பிள்ளையின் கையிற் பதாகையைக் கொடுத்துப் பாட்டன் வீட்டு வாசலில் நிறுத்துவதிலும் இது மேலென்பது என் துணிபு.

அரசாங்கம் செய்தது குறைவன்று. புகையிலைக் கட்டுப்பாட்டுக்கான உலக உடன்படிக்கையை இலங்கை 2003இல் ஏற்று உறுதிப்படுத்தியது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் விளம்பரங்களை நிறுத்தியது. 21 வயதுக்குக் குறைந்தோருக்கு விற்பதைத் தடுத்தது. மூடிய பொதுவிடங்களிற் புகைப்பதை விலக்கியது. விறாந்தை பொதுவிடமன்று, அங்கே சட்டம் நுழையாது, நுழையவும் வேண்டாம். 2015இல் சுகாதார அமைச்சு நடாத்திய கணக்கெடுப்பின்படி, வளர்ந்த ஆண்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 29 பேர் புகைப்பவர். சப்புதல் முதலிய வகைகளையும் சேர்த்தால் புகையிலை பாவிப்போர் நூற்றுக்கு 45க்கு மேல். பெண்களுள் ஏதேனும் ஒரு வகையிற் பாவிப்போர் நூற்றுக்கு ஐவரளவினர். புகைப்போர் ஆயிரத்துக்கு ஒருவர். அந்தக் கணக்கு 18 வயதில் தொடங்கி 69இல் நின்றுவிடுகிறது. எழுபதைத் தாண்டியவர் அதற்குள் வரவேயில்லை.

பெண்கள் என்றதும் நினைவுக்கு வருகிறது. ஆந்திரக் கரையோரத்திலே முதிய பெண்கள் சுருட்டின் எரியும் முனையை வாய்க்குள்ளே வைத்துப் புகைப்பதும், அதனால் மேலண்ணத்தில் புண்ணும் புற்றும் தோன்றுவதும் வைத்திய நூல்களில் இடம்பெற்ற செய்தி. நம் ஊர்களில் அவ்வாறில்லையாயினும், சுருட்டுப் பத்தும் ஆச்சிமார் முற்றாக அற்றுப்போய்விடவில்லை. கடற்கரைப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஆச்சி ஒருவர், எழுபத்தாறு வயது, இரத்த அழுத்தத்திற்கு மாதந்தோறும் மருந்தெடுப்பவர். உப்பைப் பற்றிக் கேட்டார்களாம். சீனியைப் பற்றிக் கேட்டார்களாம். கூடச் சென்ற கிழவரிடம் மாத்திரம் புகைப்பீர்களா என்று கேட்டு எழுதிக்கொண்டார்களாம். நான் கேட்டபோது ஆச்சி சிரித்தார். “என்னட்டை ஆரும் கேக்கேல்லை மோனை. கேட்டால் சொல்லியிருப்பன்தானே” என்றார். நாளுக்கு எத்தனை என்றேன். நாலு என்றார், பிறகு விரலை மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டு, ஐந்து என்று திருத்தினார்.